நாலாவது மூலை

பாறைமேடு
21-8-1973

அன்பு அம்மிணி மருதாத்தாளுக்கு, உன் அண்ணன் பெண்டாட்டி, உன் நங்கை கமலாத்தாள் எழுதிக்கொண்டது. இங்கே உன் அம்மா, உன் அண்ணன், தம்பி காளிச்சாமி, நான், மாடு கன்று எல்லாரும் சௌக்கியம். அந்த மலைக்குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? முதுகுக் காயம் ஆறியதா? வேப்பெண்ணெய் தடவு. கூச்சப்படாமல் கத்தரீனாளைத் தடவிவிடச் சொல்.

நீ குமுளிக்குப் போய்ச் சேர்ந்ததாக எழுதிய கடுதாசியைத் தையல் டீச்சர் செபமாலையம்மாள் செவ்வாய்ச் சந்தையில் என் கூடைக்குள் போட்டார். இனியும் அவர் பேருக்கே எழுது. வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. கார்டில் எழுதவே எழுதாதே. கார்டு என்றால் தபால்காரரில் தொடங்கி டீக்கடை வரை எல்லாரும் படித்த பிறகுதான் நம் கைக்கு வரும். உன் கடுதாசியை எரித்துவிடத்தான் நினைத்தேன். மனசு வராமல் கம்புப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நீ விடியற்காலைப் பால் வண்டியில் ஏறிப்போனது யாருக்கும் தெரியாது. கயிற்றை யார் அவிழ்த்தது என்று உன் அண்ணன் என்னைக் கேட்டார். "பேய்க்குக் கவுறு அவுக்கத் தெரியாதுங்களா?" என்றேன். பூசாரி சொன்ன பேயை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். கை ஓங்கினார், உன் அம்மா குறுக்கே வந்துவிட்டார்.

இன்னும் மூன்று நாள் கட்டி வைத்து மிளகாய்ப் புகை போட்டிருந்தால் உனக்குத் தெளிந்திருக்கும் என்று அந்தப் பூசாரி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். நீயும் கத்தரீனாளும் ஒருவர் மேல் ஒருவர் உயிராய் இருப்பது எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்காக ஒரு பெண்ணைத் தூணில் கட்டிப் புளியம் விளாறால் அடித்தது அதைவிடப் புரியவில்லை.

இப்போது நான் சொல்வதை மனசில் எழுதிக்கொள். நல்ல காரியக் கடுதாசிக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவோம் அல்லவா? உனக்கு எழுதுகிற ஒவ்வொரு கடுதாசிக்கும் நான் மஞ்சள் தடவுவேன். நானாக எழுதினால் நாலு மூலையும் மஞ்சளாக இருக்கும். யாராவது பக்கத்தில் நின்று எழுத வைத்தால் ஒரு மூலையை வெறுமனே விட்டுவிடுவேன். அப்படி வந்தால், உள்ளே என்னதான் இனிக்க இனிக்க எழுதியிருந்தாலும் ஒரு வார்த்தையையும் நம்பாதே.

கதவைத் தாழிட்டுப் படு. வேளைக்குச் சாப்பிடு.

உன் நங்கை
கமலாத்தாள்

குமுளி
9-9-1973

பிரியமுள்ள நங்கைக்கு மருதாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் கத்தரீனாளும் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி? அம்மா இரவில் இருமுகிறார்களா? காளிச்சாமி என்னைக் கேட்டானா?

உங்கள் கடுதாசியின் நாலு மூலையையும் முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். நம் வீட்டு அடுப்படி வாசம் வந்தது. அழுதுவிட்டேன்.

முதுகு ஆறிவிட்டது. நான் இங்கே ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறேன். கத்தரீனாளும் அங்கேதான். நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் போட்டுப் பிரிப்போம். பச்சைக் காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிகிறது. அவள் பேசிக்கொண்டே பிரிக்கிறாள், கை தப்புவதில்லை. நான் பிரித்ததை மறுபடி கிளறிப் பார்த்து, "ஏட்டி, இது கண்ணா, புண்ணா?" என்று கேட்கிறாள். தையல் வகுப்பில் என் கோணல் தையலைப் பிரித்துப் போட்டபோதும் இதே கேள்விதான். நங்கை, அவள் பக்கத்தில் இருக்கும்போது நான் சந்தோஷமாக இருக்கிறேன். உங்களிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும்.

மற்ற நேரமெல்லாம் பயம்தான். கம்பம் ஊரிலிருந்து பஸ் மலையேறி வந்து நிற்கும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் காய் சிந்திவிடுகிறது. வேட்டியை மடித்துக் கட்டிய ஆள் யாரைப் பார்த்தாலும் அண்ணன் மாதிரியே இருக்கிறது. கதவுப் பக்கம் கத்தரீனாள் படுக்கிறாள், சுவர்ப் பக்கம் நான். "வர்றவன் என்னைத் தாண்டித்தாம்ல வரணும்" என்கிறாள். அவள் அப்படிச் சொல்வதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அவள் அண்ணன் மத்தியாஸ் வண்டிப்பெரியார் எஸ்டேட்டில் யூனியன் ஆள். போன ஞாயிறு வந்து, எல்லார் முன்னாலும் அவளைக் கன்னத்தில் அறைந்தார். "இன்னையோட எங்களுக்கு நீ செத்தவ" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அழவில்லை. அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தெரியாமல் அம்மாவை ஒருதரம் எனக்காகத் தொட்டுப் பாருங்கள்.

உங்கள்
மருதா

பாறைமேடு
2-10-1973

அன்பு மருதாவுக்கு நங்கை எழுதியது. எல்லாரும் நலம். மூட்டுவலி அது பாட்டுக்கு இருக்கிறது, நான் பாட்டுக்கு இருக்கிறேன். உன் அம்மா தூங்கும்போது காலைத் தொட்டேன். "ஆரு, மருதாவா?" என்று கேட்டார். தூக்கத்தில்தான். போர்வையை இழுத்துவிட்டு வந்தேன்.

மழை போதவில்லை. கடலைக்காய் பாதிதான் தேறும். அப்படியிருக்க, உன் அண்ணன் கடலைக்காய் போடும் அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. "கடலைக்கா எந்திரிச்சு ஓடிருமுங்களா?" என்று கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆனைகட்டியில் உன் பெரியம்மா வீட்டுக்குப் போய்த் தேடிவிட்டு வந்தார். பொள்ளாச்சியிலும் ஆள் விட்டிருக்கிறார். அவரைக் கெட்டவர் என்று மட்டும் சொல்லிவிட முடிந்தால் எனக்கு நிம்மதி. ராத்திரி சோற்றில் கை வைத்துக்கொண்டு, "சின்னதுல அவள நாந்தான் தூக்கிச் சுமந்தேன்" என்கிறார். அடுத்த வாயில், "நாலு பேரு மூஞ்சில முழிக்க முடியாமப் பண்ணீட்டா, அவ இருந்து என்ன பிரயோசனம்?" என்கிறார். இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறார்.

மேற்குத் தோட்டத்துப் பெண்ணை உனக்கு ஞாபகம் இருக்கும். பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று இரண்டுதரம் வீட்டைவிட்டுப் போனவள். மூன்றாம்தரம் கூட்டிவந்த வாரத்தில் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாளாம். பிறந்ததிலிருந்து அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தியவள். மூன்று நாள் இறைத்துக் கொட்டிப் பூசை போட்டும் அந்தத் தண்ணீரை இன்றுவரை ஒருவரும் வாயில் வைப்பதில்லை. வண்டிமாடுகூடக் குடிக்க அங்கே விடுவதில்லை. போலீஸ் வந்ததா என்றால் இல்லை. கேட்க ஆள் இருந்தால்தானே வரும்?

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. தனியாகக் கடைவீதிக்குப் போகாதே.

உன் நங்கை

குமுளி
4-11-1973

பிரியமுள்ள நங்கைக்கு, நாங்கள் உயிரோடு சுகம். உங்கள் சுகத்துக்கு உடனே எழுதுங்கள், ஒரு வரி போதும்.

வியாழக்கிழமை பெரியப்பா மகன் குப்பண்ணன் இங்கே வந்துவிட்டார். ஸ்டோர் வாசலில் நின்று, "மருதா, உங்கொம்மா சாகக் கெடக்கறா, பொறப்படு" என்றார். நான் முறத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். உள்ளே வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். கத்தரீனாள் போட்ட கூச்சலில் நாற்பது பெண்களும் முறத்தோடு எழுந்து சுற்றி நின்றுவிட்டார்கள். மேஸ்திரியும் வந்துவிட்டார். கையை விட்டுவிட்டு, "எத்தன நாளைக்கி ஒளிஞ்சுக்குவே?" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிப் போய்விட்டார்.

அம்மா நன்றாகத்தானே இருக்கிறார்கள்? நங்கை, குமுளி என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

அன்று எங்களுக்காக நின்ற பெண்களும் இப்போது விலகி உட்காருகிறார்கள். வந்த ஆள் போகும்போது எங்களைப் பற்றி டீக்கடையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நேற்று எங்கள் கதவில் கல் விழுந்தது. இன்று கோயில் பூசையில் கத்தரீனாள் நன்மை அப்பம் வாங்கப் போய் முழங்காலிட்டாள். சாமியார் அவளைத் தாண்டி அடுத்த ஆளுக்குக் கொடுத்தார். அவள் கொஞ்ச நேரம் அங்கேயே முழங்காலில் இருந்தாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள். மத்தியாஸ் அடித்தபோது அழாதவள். நான் என்ன செய்வேன்? அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

வேறு ஊர் போகலாம் என்கிறாள். எந்த ஊருக்குப் போனாலும் நாங்கள் நாங்களாகத்தானே போவோம்?

சீக்கிரம் எழுதுங்கள்.

மருதா

பாறைமேடு
20-11-1973

மருதாவுக்கு நங்கை. நலம். உன் அம்மா நன்றாக இருக்கிறார், நேற்றுக்கூட வரப்பில் சாணி பொறுக்கினார்.

வலது கையில் கொஞ்சம் சுடுதண்ணீர் பட்டுவிட்டது. இடது கையால் எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள். கம்புப் பானையை உன் அண்ணன் கவிழ்த்துப் பார்த்துவிட்டார். அது போன மாதமே நடந்தது. தண்ணீர் பட்டதும் அதே நாள்தான். உடனே உனக்கு எழுத முடியவில்லை.

செபமாலையம்மாள் தையல் வகுப்பை மூடிக்கொண்டு அவர் அக்காள் ஊருக்குப் போகிறார். அவர் வீட்டு வாசலில் யாரோ எரியும் பந்தத்தைப் போட்டார்களாம். இனி அங்கே எழுதாதே. நான் எழுதும்வரை எங்கேயும் எழுதாதே.

இதற்கு நாலு மூலையும் தடவியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்.

நங்கை

பாறைமேடு
17-1-1974

சௌபாக்கியவதி மருதாத்தாளுக்கு உன் அண்ணன் செங்கோட்டையன் சொல்ல, நங்கை கமலாத்தாள் எழுதும் சுபச் செய்தி. இங்கு அனைவரும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்குத் தினமும் சாமி கும்பிடுகிறோம்.

உன் தம்பி காளிச்சாமிக்கு இந்தத் தை மாதம் 25ஆம் தேதி (பிப்ரவரி 7) வியாழக்கிழமை கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் நின்று இணைச்சீர் செய்யாமல் நம்மில் கல்யாணம் உண்டா? கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவன் பிடித்தால் மறு தலைப்பை நீதானே பிடிக்க வேண்டும்? பெரியப்பா மகளை நிறுத்தலாம் என்று சொன்னார்கள். எங்கக்கா வந்தாத்தான் ஆச்சு என்று காளிச்சாமி சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

நடந்ததை எல்லாம் அண்ணன் மறந்துவிட்டார். உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இணைச்சீருக்கு உனக்கு அரக்குச் சேலை எடுத்தாகிவிட்டது. கல்யாணம் முடிந்து நீ உன் இஷ்டப்படி திரும்பிப் போகலாம். துணைக்கு யாரையும் கூட்டி வர வேண்டாம். வரும் நாளை எழுதினால் பொள்ளாச்சிக்கு வண்டி வரும்.

இப்படிக்கு
கமலாத்தாள்

குமுளி
23-1-1974

அன்புள்ள நங்கைக்கும் அண்ணனுக்கும் மருதாத்தாள் வணக்கம். நான் சுகம். அம்மா, காளிச்சாமி, எல்லாருடைய சுகத்தையும் நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் உங்கள் எழுத்து இல்லாமல் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கடுதாசியைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டேன், நங்கை. பிறகுதான் படித்தேன். ஸ்டோரில் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தேன்.

கத்தரீனாளுக்கு நான் வருவது சரியாகப் படவில்லை. இரண்டு நாளாகப் பேசவில்லை. நான் பிறந்த வீட்டை அவள் எப்படி அறிவாள்? தம்பிக்கு நான் ஒருத்திதானே அக்கா? எட்டு நாளில் திரும்பிவிடுகிறேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 4 திங்கள் காலை இங்கே பஸ் ஏறுகிறேன். சேலைக்கு ஏற்ற ரவிக்கையை நானே தைத்துக்கொண்டு வருகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள்
மருதா

பாறைமேடு
31-1-1974

மருதா, வராதே.

நலம் கேட்க நேரமில்லை. வள்ளியாத்தாள் மோர் விற்க வேலந்தாவளம் போகிறாள், அங்கே தபாலில் போடச் சொல்லி அவள் கூடையில் வைத்து அனுப்புகிறேன். இவளைத் தவிர வாசலைத் தாண்டி வருகிறவர் யாரும் இல்லை, என்னையும் தாண்ட விடுவதில்லை.

அந்தக் கடுதாசியை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கல்யாணம் நிஜம். காளிச்சாமி சாப்பிடாமல் படுத்ததும் நிஜம். மற்றது எல்லாம் பொய். அறை அப்படியே இருக்கிறது, தாழ்ப்பாளுக்குப் பூட்டும் வாங்கியாகிவிட்டது. உனக்குச் சேலை எடுக்கவில்லை. நான் மூன்று மூலையில்தான் மஞ்சள் தடவினேன். நாலாவது மூலையை வெறுமனே விட்டேன்.

உன் பதிலை நேற்று அவர் சத்தமாகப் படித்தார். பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தாய். அப்படியிருந்தும் ஏன் வருகிறாய் என்று எனக்குப் புரியவில்லை. தபாலில் போடும் முன்னால் கடுதாசி சாமி மாடத்தில் ஒரு ராத்திரி இருந்தது. உன் அம்மாவிடம் போய்க் கேட்டேன். "ஒரு மூல மொட்டையா இருந்துதாயா. கல்யாணக் காயிதத்த அப்படி அனுப்பலாமா? நீ மறந்துட்டயாட்ட இருக்குது. நாந்தான் மஞ்சளக் கொழச்சு வெச்சேன், எம்புள்ள நல்லபடியா வந்து சேரோணும்னு" என்றார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது, மருதா. நீ வந்து தம்பி பக்கத்தில் நிற்பாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து சாலையைப் பார்க்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. இதை முன்பே அவரிடம் சொல்லி வைக்காத என் மேல்தான் கோபம். சொல்லவும் முடியாதே!

பஸ் ஏறாதே. கத்தரீனாள், நீ படித்தால் அவளைக் கட்டிப் போட்டாவது நிறுத்து.

கமலாத்தாள்

பாறைமேடு
11-2-1974

குமுளி ஏலக்காய் ஸ்டோரில் வேலை செய்யும் கத்தரீனாளுக்கு, பாறைமேடு கமலாத்தாள் தெரிவிப்பது.

தம்பி கல்யாணத்துக்கு வந்திருந்த மருதாத்தாள், 9ஆம் தேதி சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்தப் போன இடத்தில் தவறி விழுந்து இறந்துவிட்டாள். காரியம் எல்லாம் அன்றே முடிந்துவிட்டது. நீ வர வேண்டியதில்லை. இனி இந்த விலாசத்துக்கு எழுதவும் வேண்டாம்.

கமலாத்தாள்

சேசு மரி சூசை துணை

குமுளி
15-2-1974

அன்புள்ள மத்தியாஸ் அண்ணனுக்கு, தங்கை கத்தரீனாள் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நீங்களும் மைனியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். எழுதக் கூடாது என்று சொன்னீர்கள். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒருதரம் படியுங்கள்.

மருதா ஊருக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. அவள் செத்துவிட்டதாக நேற்று எனக்குக் கடுதாசி வந்தது. அதையும் இதனோடு வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்து மூலைகளைப் பாருங்கள். மஞ்சள் தெரியும். லேசாக, கையைத் துடைத்த மாதிரி, மூன்று மூலையில். நாலாவதில் ஒன்றும் இல்லை.

அவள் நங்கை எழுதும் கடுதாசியில் ஒரு மூலை விட்டிருந்தால் அது அடித்து எழுத வைத்தது, நம்பக் கூடாது என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. அவர்கள் சாவுக் கடுதாசிக்கு மஞ்சள் வைக்கவே மாட்டார்கள். அதை யாரும் தொட்டு வீட்டுக்குள்ளும் வைக்க மாட்டார்கள். அதனால்தான், போன தடவை அவள் அம்மா விவரம் தெரியாமல் நிரப்பிய மாதிரி, இந்தத் தடவை நாலாவது மூலையை நிரப்ப ஒரு கையும் வரவில்லை. அண்ணே, அவள் செத்துவிட்டாள் என்பது பொய். அவளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

கல்யாணக் கடுதாசி வந்த அன்றே நான் பார்த்துச் சொன்னேன். "ஏட்டி, மூணு மூலை ஒரு விரல், நாலாவது வேற விரல். மூணும் வறட்டு மஞ்சள், இது தண்ணியில கொழைச்சது" என்றேன். "காய் பொறுக்கிப் பொறுக்கி உனக்கு எல்லாத்துலயும் சொத்தை தெரியுது. நான் எங்கூட்டுக்குப் போறது உனக்குப் பொறுக்கல" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. போனால் போ என்று விட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குக்கூடப் போகவில்லை. வராதே என்று நங்கை எழுதிய கடுதாசி மறுநாள் வந்தது. என் வீம்பினால் அவளை அனுப்பினேன். அதை எந்தச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வேன்?

இப்போது என் பயம் இதுதான். செத்துவிட்டதாக எழுதியாகிவிட்டது. இனி உயிரோடு இருக்கிறவளை என்ன செய்தாலும் கேட்க ஆள் இல்லை என்று நினைப்பார்கள். நாம் போய்க் கேட்கிற வரைக்கும்தான் அவளுக்கு உயிர்.

நீங்கள் என்னைச் செத்தவள் என்றீர்கள். வாயால் சொன்னீர்கள், அடுத்த வாரமே மைனி கையில் உப்புக்கண்டம் கொடுத்து அனுப்பினீர்கள். அவர்கள் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். நான் தனியாகப் போனால் என்னையும் விரட்டிவிடுவார்கள். நாலு ஆண்கள் கூட வந்தால், அதுவும் யூனியன் ஆட்கள் என்றால், கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். உங்கள் காலில் விழுகிறேன்.

கத்தரீனாள்

வண்டிப்பெரியார்
17-2-1974

கத்தரீனாளுக்கு மத்தியாஸ். சுகம்.

நீங்கள் இருவரும் வாழ்கிற வாழ்க்கை எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. அதை நேரில் வந்து மறுபடியும் சொல்வேன். கடுதாசியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உன் மைனியும் பார்த்தாள். மூன்றுதான். அவள்தான், "அந்தப் புள்ள இருக்கும்போதே போங்க" என்று சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

ஏசுரத்தினத்தையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வெள்ளி காலை குமுளிக்கு வருகிறேன். அந்த ஊர் போலீசுக்கும் வில்லேஜ் ஆபீசுக்கும் யூனியன் முத்திரை வைத்த பேப்பரில் எழுதிப் போட்டுவிட்டேன். நாம் வருவது அந்த ஊரில் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும், அதுதான் அவளுக்குக் காவல். அதை நீ பார்த்துக்கொள்.

மத்தியாஸ்

குமுளி
18-2-1974

பாறைமேடு பெரிய தோட்டம் செங்கோட்டையன் அவர்களுக்கு, கத்தரீனாள் எழுதும் கார்டு. தாங்களும் தங்கள் தாயாரும் கமலாத்தாள் அக்காவும் சுகமென நம்புகிறேன். கார்டில் எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. தபால்காரர் ஐயாவும் டீக்கடையில் இருப்பவர்களும் தாராளமாகப் படிக்கலாம், படித்து நாலு பேருக்குச் சொல்லலாம்.

தங்கள் தங்கை மருதாத்தாள் 9ஆம் தேதி உங்கள் கிணற்றில் விழுந்து இறந்ததாகக் கடுதாசி வந்தது. அவளைக் கிணற்றிலிருந்து தூக்கியவர் யார், பார்த்தவர் யார், எரித்த இடம் எது என்று அதில் இல்லை. துக்கம் கேட்காமல் இருப்பது எங்கள் வழக்கம் இல்லை. வருகிற சனிக்கிழமை, 23ஆம் தேதி, பதினொரு மணி பஸ்ஸில் என் அண்ணன் மத்தியாஸும் யூனியன்காரர்கள் மூன்று பேரும் நானும் வருகிறோம். போலீசுக்கும் தெரிவித்திருக்கிறோம். எரித்த இடத்தைக் காட்டினால் பூப் போட்டுக் கும்பிடுவோம். காட்ட இடம் இல்லையென்றால் அவளைக் காட்டுங்கள்.

எங்களுக்குச் சாப்பாடு எதுவும் வேண்டாம். தூரத்திலிருந்து வருகிறோம், ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் போதும். ஆள் விழுந்து செத்த கிணற்றுத் தண்ணீரை உங்கள் பக்கம் ஒருவரும் வாயில் வைப்பதில்லை என்று கேள்வி, ஆனாலும் உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரே கொடுங்கள். ஊரார் பார்க்க, முதல் செம்பை நீங்கள் குடித்துவிட்டுக் கொடுங்கள்.

கத்தரீனாள்